நரம்புச் செல் தன் வழியை எப்படி அறிகிறது?

திருத்துறைப்பூண்டியிலிருந்து, விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் இந்தக் கேள்வியை அனுப்பியிருக்கிறார். அவருடைய அக்காவுக்குப் பிறந்த ஆண் குழந்தை இரண்டு நாளாகியும் மலம் கழிக்கவில்லை, வயிறும் உப்பிவிட்டது. தஞ்சாவூரில் குடலின் கடைப்பகுதியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதித்த மருத்துவர், "பெருங்குடலின் கடைசிப் பகுதிக்கு நரம்புச் செல்கள் வந்து சேரவில்லை" என்று சொல்லியிருக்கிறார். "வந்து சேரவில்லை என்றால், அவை வேறெங்கோ இருந்து புறப்பட்டு வர வேண்டியவையா? அவற்றுக்கு வழி காட்டுவது எது? வளர்ச்சிக் காரணிகள் நரம்புக்கு ஊட்டம் தருகின்றன என்ற ஒரு வரிதான் எங்கள் பாடத்தில் இருக்கிறது" என்று கேட்கிறார். வீட்டுப் பெரியவர்கள் கிரகணத்தைக் காரணம் சொல்வதாகவும், அக்கா அதைக் கேட்டு அழுவதாகவும் எழுதியிருக்கிறார்.

அக்காவிடம் இதை முதலில் சொல்லுங்கள், தம்பி. கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் செய்த ஏதோ ஒன்றால் வந்தது என்று நினைக்கவும் இடமில்லை. கருவின் நான்காவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் நடுவில் நடந்து முடிந்துவிட்ட விஷயம் இது. பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே அப்போதுதான் தெரியவரும்.

மருத்துவர் சொன்னது சொல்லுக்குச் சொல் சரி. குடலை அசைக்கும் நரம்புச் செல்கள் குடலில் பிறப்பவை அல்ல. அவற்றில் பெரும்பாலானவை கழுத்துப் பக்கம், பின்மூளையை ஒட்டிய நரம்பு முகடு என்ற பகுதியில் பிறந்து, உணவுக்குழாயின் தொடக்கத்தில் நுழைந்து, இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று மலக்குடலின் முனைவரை நகர்ந்து போகின்றன. போகும்போதே பெருகிப் பல கோடியாகின்றன. பிரான்சின் நிக்கோல் லெ துவாரின் 1970-களில் காடைக் கருவின் நரம்பு முகட்டை எடுத்துக் கோழிக் கருவில் பொருத்தி இந்தப் பயணத்தை மெய்ப்பித்தார். காடைச் செல்லின் உட்கரு நுண்ணோக்கியில் கோழியினுடையதிலிருந்து வேறாகத் தெரியும். ஆகவே எந்தச் செல் எங்கிருந்து புறப்பட்டது என்பதை அவரால் ஐயமின்றிச் சொல்ல முடிந்தது.

வழி காட்டுவது எது என்பதற்குச் சுருக்கமான பதில் இதுதான். வழியிலுள்ள திசுக்கள் சில புரதங்களைச் சுரக்கின்றன. பயணம் போகும் செல் தன் மேற்பரப்பில் அவற்றுக்குரிய ஏற்பிகளை, அதாவது அவற்றைப் பிடித்துச் செய்தியை உள்ளே சொல்லும் புரதங்களை, ஏந்தியிருக்கிறது. எந்தப் புரதம் வந்து தொட்டது என்பது பாதிக் கதை. அந்த வேளையில் செல்லிடம் எந்த ஏற்பி இருந்தது, செல்லின் உள்நிலை எப்படி இருந்தது என்பதுதான் விளைவை முடிவு செய்கிறது. ஒரே புரதம் ஒரு செல்லை இழுக்கும், இன்னொன்றை விரட்டும், மற்றொன்றை உயிரோடு வைத்திருக்கும். "ஊட்டம்" என்ற அந்த ஒற்றை வரி இதையெல்லாம் மறைத்துவிடுகிறது. கும்பகோணத்தில் பல ஆண்டுகள் கருவியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் அந்த வரி என்னை எப்போதும் வருத்தியிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1934-ல் கருவியலாளர் விக்டர் ஹாம்பர்கர் கோழிக் கருவின் இறக்கை மொட்டை வெட்டி எடுத்துப் பார்த்தார். அந்த இறக்கைக்குப் போக வேண்டிய நரம்புச் செல்கள் தண்டுவடத்திலும் பக்கத்து நரம்பு முடிச்சுகளிலும் வெகுவாகக் குறைந்துபோயிருந்தன. இறக்கையிலிருந்து வரவேண்டிய தூண்டுதல் இல்லாததால் அந்தச் செல்கள் உருவாகவே இல்லை என்று அவர் கருதினார். இத்தாலியின் டூரின் நகரில் ரீட்டா லெவி-மொண்டால்சினி அந்தக் கட்டுரையைப் படித்தார். யூதர் என்பதால், 1938-ல் முசோலினி அரசு கொண்டுவந்த இனச் சட்டங்கள் அவருக்குப் பல்கலைக்கழகக் கதவை மூடியிருந்தன. படுக்கையறையையே ஆய்வகமாக்கி, பண்ணைகளில் முட்டை வாங்கி, போர்க்காலத்தில் அதே சோதனையை நாள்வாரியாகச் செய்து செல்களை எண்ணினார். அவர் கண்டது வேறு. செல்கள் உருவாகத்தான் செய்கின்றன. இறக்கை இருக்க வேண்டிய திசையில் வளரவும் தொடங்குகின்றன. அதன் பிறகு செத்துப்போகின்றன.

ஹாம்பர்கர் அவரை 1947-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அழைத்தார். ஒரு பருவத்துக்கென்று போனவர் பல ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். எலியின் ஒருவகைப் புற்றுக்கட்டியைக் கோழிக் கருவில் வைத்தால் நரம்பு இழைகள் கட்டிக்குள் பாய்ந்து நிறைகின்றன என்று எல்மர் ப்யூக்கர் 1948-ல் எழுதியிருந்தார். லெவி-மொண்டால்சினி அந்தக் கட்டியைக் கருவைத் தொடாமல், கருவைச் சூழ்ந்த சவ்வின் மேல் வைத்தார். அப்போதும் கருவின் நரம்பு முடிச்சுகள் வீங்கி வளர்ந்தன. கட்டியிலிருந்து ஏதோ ஒன்று கரைந்து இரத்தத்தோடு போகிறது என்று பொருள். 1952-ல் ரியோ டி ஜெனீரோவில், கண்ணாடித் தட்டில் நரம்பு முடிச்சையும் கட்டித் துணுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளர்த்தபோது, ஒரே நாளுக்குள் முடிச்சைச் சுற்றி இழைகள் எல்லாத் திசையிலும் அடர்ந்து கிளம்பின.

அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தவர் உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன். அவர் கையிலிருந்த சாற்றில் நியூக்ளிக் அமிலமும் கலந்திருந்தது. அதைச் சிதைக்க ஒரு நொதி வேண்டும். பாம்பு நஞ்சில் அது உண்டு என்பதால் நஞ்சைச் சேர்த்தார். நரம்பு வளர்ச்சி நிற்கவில்லை, பல மடங்கு கூடியது. நஞ்சிலேயே அந்தக் காரணி செறிந்திருந்தது. நம் வயல் வரப்புகளில் திரியும் நல்ல பாம்பின் நஞ்சிலும் அது இருக்கிறது. பாம்பின் நஞ்சுச் சுரப்பி பாலூட்டிகளின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இணையானது ஆயிற்றே என்று யோசித்து, ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் தேடினார். அங்கே இன்னும் அதிகமாகக் கிடைத்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி, அதாவது என்.ஜி.எஃப்., இப்படித்தான் கைக்கு வந்தது. அதற்கு எதிரான ஆன்டிபாடியைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் பரிவு நரம்பு மண்டலம் (உள்ளுறுப்புகளைத் தன்னியல்பாக இயக்கும் நரம்புகளில் ஒரு பகுதி) ஏறக்குறைய அழிந்துபோனது. வளர வைக்கும் பொருள் என்பதற்கும் மேலாக, அது இல்லாவிட்டால் சாவு என்பது அதில் தெளிவானது. 1986-ல் இருவருக்கும் நோபல் பரிசு வந்தது.

இதன் உட்பொருளை நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்வது எளிது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றிலும் அதன் கிளைகளிலும் இறங்கி, கடைசியில் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்கு வருகிறது. தலைமடையில் திறந்தால்தான் கடைமடை பிழைக்கும். நரம்பில் இது தலைகீழ். கடைமடையில் இருக்கும் தோலும் உறுப்பும் சுரப்பதை ஆக்ஸானின், அதாவது செல்லிலிருந்து நீளும் நரம்பு இழையின், நுனி வாங்கி மேல்நோக்கி அனுப்பினால்தான், தலைமடையில் இருக்கும் செல்லின் உடல் பிழைக்கும். அங்கே சுரப்பது மிகக் கொஞ்சம். தேவைக்கு மேல் நரம்புச் செல்களை உருவாக்கி அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்து காரணியைப் பெற்றவற்றை மட்டும் உடல் வைத்துக்கொள்கிறது. கோழிக் கருவின் தசை நரம்புச் செல்களில் ஏறத்தாழ பாதி இப்படி மடிகின்றன. ராபர்ட் கேம்பனாட் 1977-ல் இதைத் தெளிவாகக் காட்டினார். தடுப்புகள் வைத்த தட்டில் செல்லின் உடலை ஓர் அறையிலும் ஆக்ஸான் நுனிகளை வேறு அறைகளிலும் வளர்த்து, நுனி அறையில் மட்டும் என்.ஜி.எஃப். விட்டார். செல் பிழைத்தது. காரணி இல்லாத அறைக்குள் ஆக்ஸான்கள் நுழையவில்லை.

நுனியில் கிடைத்த செய்தி, பெரியவர்களின் காலில் ஒரு மீட்டர் தூரம்கூட இருக்கக்கூடிய செல்லின் உட்கருவுக்கு எப்படிப் போகிறது? இங்கேதான் ஏற்பி வருகிறது. என்.ஜி.எஃப்.-இன் முதன்மையான ஏற்பிக்கு ட்ராக்-ஏ என்று பெயர். 1986-ல் மரியானோ பார்பசிட் குழுவினர் மனிதப் பெருங்குடல் புற்று ஒன்றில், வேறொரு புரதத்தோடு ஒட்டிப்போய் ஓயாமல் வேலை செய்யும் புற்றுமரபணுவாகத்தான் இதை முதலில் கண்டார்கள். இதுவே என்.ஜி.எஃப்.-இன் ஏற்பி என்பது 1991-ல்தான் தெரிந்தது. என்.ஜி.எஃப். இரண்டிரண்டாக இணைந்த புரதம். அதன் இரு பக்கமும் ஆளுக்கொரு ட்ராக்-ஏ பிடித்துக்கொள்ளும்போது, செல்லுக்குள் நீண்டிருக்கும் ஏற்பிகளின் வால்கள் நெருங்கி வந்து, ஒன்றின் டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் மேல் மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய இடங்களில் உள்புரதங்கள் வந்து ஒட்டி, சில தொடர்வினைகளைக் கிளப்புகின்றன: ராஸ் என்ற புரதம் வழியாக வளர்ச்சி, ஏ.கே.டி. என்ற புரதம் வழியாக உயிர்பிழைப்பு, கால்சியம் வழியாக நுனியின் அசைவு. அதோடு நிற்பதில்லை. ஏற்பியும் காரணியும் பிடித்த பிடி விடாமல் ஒரு நுண்பைக்குள் இழுக்கப்பட்டு, டைனீன் என்ற மோட்டார் புரதத்தால் ஆக்ஸான் நெடுகச் சுமக்கப்பட்டு, வேலை செய்துகொண்டே உட்கருப் பக்கம் போய்ச் சேர்கின்றன.

என்.ஜி.எஃப்.-இன் குடும்பத்தில் மற்றக் காரணிகளும் உண்டு. 1982-ல் பார்டே, எட்கர், தோனன் மூவரும் பன்றி மூளையிலிருந்து எடுத்த பி.டி.என்.எஃப். ட்ராக்-பி என்ற ஏற்பியைத் தொடும்; என்.டி.-3 ட்ராக்-சி-யைத் தொடும். வலியும் வெப்பமும் உணரும் செல்கள் ட்ராக்-ஏ வைத்திருக்கின்றன. தசையின் நிலையை உணரும் செல்கள் ட்ராக்-சி வைத்திருக்கின்றன. யார் எந்த உறுப்பில் பிழைப்பார்கள் என்பது இதனாலேயே பிரிகிறது. பி-75 என்ற இன்னோர் ஏற்பியும் இருக்கிறது. முதிர்ந்த என்.ஜி.எஃப். ட்ராக்-ஏ வழியாக வாழ வைக்கிறது, அதே என்.ஜி.எஃப். வெட்டிச் சீராக்கப்படாத முன்வடிவத்தில் பி-75-ஐயும் அதன் துணைப் புரதம் சார்ட்டிலினையும் சேர்த்துப் பிடித்தால் செல்லைச் சாகடிக்கிறது. இதை அறிந்த பிறகும் "ஊட்டம்" என்று மட்டும் எழுதுவது சரியாகாது.

ட்ராக்-ஏ மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதாகப் பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாக உண்டு. அவர்களுக்கு வலி தெரியாது, வியர்க்காது. நம் சித்திரை வெயிலில் வியர்வையே வராத குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தாய்மாமன், அத்தை மகன் என்று நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இத்தகைய நோய்களுக்கான வாய்ப்பு கூடுதல் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சரி, உயிரைக் காப்பது புரிந்தது. திசை காட்டுவதும் இதே காரணிதானா? 1979-ல் குண்டர்சன், பாரெட் இருவரும் நுண்குழாய் வழியாக என்.ஜி.எஃப்.-ஐக் கசியவிட்டு, கோழியின் உணர்வு நரம்பு நுனிகள் குழாயை நோக்கித் திரும்புவதைக் காட்டினார்கள். இதை வைத்து, தோல் என்.ஜி.எஃப். விட்டு நரம்பைத் தொலைவிலிருந்து அழைக்கிறது என்று பலர் இன்றும் பாடம் நடத்துகிறார்கள். கருவுக்குள் நடப்பது அதுவல்ல. ஆலன் டேவிஸ் குழு 1987-ல் எலிக் கருவின் மீசைப் பகுதியைப் பார்த்தபோது, நரம்பு அங்கே வந்து சேரும் சமயத்தில்தான் தோல் என்.ஜி.எஃப்.-ஐச் சுரக்கத் தொடங்குகிறது, அதற்குரிய ஏற்பியும் நரம்பில் அப்போதுதான் தோன்றுகிறது என்று தெரிந்தது. இல்லாத ஒன்று அழைத்திருக்க முடியாது. பிற்பாடு, செல் சாவுக்கு வேண்டிய பேக்ஸ் மரபணுவையும் என்.ஜி.எஃப். மரபணுவையும் சேர்த்து நீக்கிய எலிகளில், செல்கள் உயிரோடு இருந்தன, இழைகளும் நீண்டன. ஆனால் தோலின் மேலடுக்குக்குள் போய்க் கிளைவிடவில்லை. நெடுவழியில் வேறு காரணிகள் கொண்டுவந்து விடுகின்றன; கடைசித் தெருவில் என்.ஜி.எஃப். பொறுப்பேற்கிறது.

நெடுவழியில் வேலை செய்வது ஆக்ஸானின் நுனியிலுள்ள வளர்கூம்பு. ஸ்பெயினின் ரமோன் இ கஹால் 1890-ல் அதை விவரித்தார். மெல்லிய விரல்களை நீட்டியும் மடக்கியும் அது நகர்கிறது. ஒரு பக்கத்து ஏற்பிகள் மறுபக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இழுப்புக் காரணியைத் தொட்டால், அந்தப் பக்கம் செல்லுக்கு உருவமும் அசைவும் தரும் ஆக்டின் புரத இழைகள் கட்டப்பட்டு விரல் நிலைக்கும். கூம்பு அங்கே சாயும். விரட்டும் காரணி தொட்டால் அந்தப் பக்கம் சுருங்கும். 1994-ல் மார்க் டெசியர்-லவீன் குழு கோழிக் கருமூளைகளிலிருந்து பிரித்தெடுத்த நெட்ரின் என்ற புரதம், தண்டுவடத்தின் அடித்தளம் நோக்கி ஆக்ஸான்களை இழுக்கிறது. டி.சி.சி. என்ற ஏற்பி மட்டும் இருந்தால் இழுப்பு. அதோடு அன்க்-5 என்ற இன்னோர் ஏற்பி சேர்ந்தால் அதே நெட்ரின் விரட்டுகிறது. ஏற்பி மாறாமலேயே திசை மாறவும் கூடும்: நரம்பியலாளர் மூ-மிங் பூவின் ஆய்வகம் தவளை நரம்புச் செல்லில், செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏ.எம்.பி.-யின் செயலைக் குறைத்தபோது, நெட்ரினை நோக்கிப் போன கூம்பு அதைவிட்டு விலகியது.

உடலின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பிரிக்கும் நடுக்கோட்டைக் கடக்கும் ஆக்ஸான் ஏன் திரும்பி வருவதில்லை என்பதற்கான விடையும் ஏற்பியில்தான் இருக்கிறது. நடுக்கோட்டில் ஸ்லிட் என்ற விரட்டும் புரதம் சுரக்கிறது. அதற்குரிய ரோபோ ஏற்பியைக் கடக்கும்வரை செல் அடக்கிவைக்கிறது. கடந்ததும் மேற்பரப்புக்கு விடுகிறது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் இழைகளை எஃப்ரின்கள் என்ற புரதங்கள் இடம் பிரித்து அமர்த்துவது தனியாக எழுத வேண்டிய பெரிய கதை. இங்கே வேண்டாம்.

குடலுக்கு வருவோம். குடல் சுவர் ஜி.டி.என்.எஃப். என்ற காரணியைச் சுரக்கிறது. பயணச் செல்கள் ரெட் என்ற ஏற்பியை ஏந்துகின்றன. எலிக் கருவில் முதலில் இரைப்பைப் பகுதியிலும், பிறகு சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்திலும் ஜி.டி.என்.எஃப். மிகுதியாகத் தோன்றுகிறது, செல்கள் அதன் திசையில் இழுபடுகின்றன. இழுப்பது அதன் ஒரு வேலைதான். அதுவே செல்களைப் பெருக வைக்கிறது, பிழைக்கவும் வைக்கிறது. கூட்டம் பெருகப் பெருகத்தான் முன்னணிச் செல்கள் மேலும் நகர முடியும். எண்டோதீலின்-3 என்ற இன்னொரு காரணி, செல்கள் பாதி வழியிலேயே முதிர்ந்து அமர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. ரெட் ஏற்பி பாதி வலுவோடு வேலை செய்தால் என்ன ஆகும்? தொடக்கத்தில் குறை தெரியாது. செல்கள் இரைப்பையையும் சிறுகுடலையும் நிரப்பும். கடைசிப் பகுதிக்கு வரும்போது எண்ணிக்கை போதாமல் நின்றுவிடும். இந்த நோயில் குறை எப்போதும் மலக்குடல் முனையிலிருந்து மேல்நோக்கி இருப்பது இதனால்தான். நரம்பில்லாத அந்தப் பகுதி தளர முடியாமல் சுருங்கியே கிடக்கிறது. அதற்கு மேலுள்ள குடல் ஊதுகிறது.

டென்மார்க்கின் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1886-ல் இதை விவரித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஏறத்தாழ 5,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருகிறது. ஆண் குழந்தைகளில் சுமார் நான்கு மடங்கு அதிகம். ரெட் மரபணுவின் பங்கு 1994-ல் வெளிவந்தது. குடும்பத்தில் தொடர்ந்து வரும் நோயாளிகளில் பாதிப்பேரிடம் அதில் மாற்றம் இருக்கிறது. குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் தனியாக வருபவர்களில் அந்த விகிதம் குறைவு. ரெட்டையும் முதலில் புற்றுமரபணுவாகத்தான் கண்டார்கள். அது ஓயாமல் இயங்கும் மாற்றம் இருந்தால் தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்று வரும். சில அரிய குடும்பங்களில் ஒரே மாற்றம் குடல் நோய், தைராய்டு புற்று இரண்டையும் உண்டாக்குகிறது. ஆகவே உங்கள் குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்று இருந்திருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

குழந்தைக்கு வழி இருக்கிறது. நரம்பில்லாத பகுதியை நீக்கிவிட்டு, நரம்புள்ள குடலைக் கீழே இழுத்து ஆசனவாயோடு தைக்கும் அறுவை சிகிச்சை 1948-லிருந்து செய்யப்பட்டு வருகிறது. பெரும்பாலான குழந்தைகளில் நரம்பில்லாத பகுதி குறுகியதாகவே இருக்கும். பெரும்பாலோர் நன்றாக வளர்கிறார்கள். சிலருக்கு மலச்சிக்கலோ குடல் அழற்சியோ பின்னாளிலும் வரலாம். அறுவைக்குப் பிறகும் காய்ச்சல், வயிறு உப்புதல், நாற்றமான வயிற்றுப்போக்கு சேர்ந்து வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு பொதுவாக 4 சதவீதம் அளவில் சொல்லப்படுகிறது. பாதிக்கப்பட்ட பகுதி நீளமாக இருந்தால் கூடும். இதை மரபியல் ஆலோசகரிடம் பேசுவது நல்லது.

காரணியை மருந்தாகக் கொடுத்துவிட முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். பல பேர் முயன்றார்கள். நீரிழிவு நரம்பு நோய்க்கு என்.ஜி.எஃப். ஊசி போட்டுப் பார்த்ததில் போட்ட இடத்தில் வலி வந்தது, பெரிய பரிசோதனையில் பலன் வரவில்லை. வலி நரம்புகளே அதன் ஏற்பியை வைத்திருக்கும்போது இது எதிர்பார்க்கக் கூடியதுதான். தசை நரம்புகள் சிதையும் நோயில் பி.டி.என்.எஃப். உதவவில்லை. கருவிழியின் நரம்பு பழுதாகிப் புண்ணாகும் நோய்க்கு என்.ஜி.எஃப். சொட்டு மருந்து பலித்தது. 2018-ல் அமெரிக்காவில் ஒப்புதலும் கிடைத்தது. வேண்டிய ஏற்பி இருக்கும் இடத்தில் மட்டும், நேரடியாக, காரணி போய்ச் சேர்கிறது. வெற்றிக்கு அதுவே காரணம் என்பது என் கணிப்பு. மருந்துக் கடைகளில் நரம்பு டானிக் என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் பி-12 வைட்டமின். அதற்கும் இந்தக் காரணிகளுக்கும் உறவில்லை. இந்தக் குழந்தைக்கு அதைக் கொடுத்துக் குடலில் நரம்பு வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்கள் படிப்புக்காக ஒன்று. கல்லூரி ஆய்வகத்தில் அனுமதி வாங்கி, பேராசிரியர் துணையோடு கோழிக் கருவைப் பாருங்கள். கடை முட்டை உதவாது. அவை சேவல் சேராத பண்ணைக் கோழிகளுடையவை. சேவலோடு திரியும் நாட்டுக்கோழியின் முட்டை வேண்டும். சுமார் 38 டிகிரியில் படுக்கைவாட்டில் அடைவைத்து, மூன்று நாள் கழித்து ஓட்டில் சிறு சன்னல் வெட்டினால் இதயம் துடிப்பது தெரியும். கருவுக்கு அடியில் துளி இந்தியன் இங்க் செலுத்தினால் இறக்கை மொட்டும் கால் மொட்டும் வெள்ளையாகத் துலங்கும். நரம்பு முகட்டுச் செல்கள் இப்படித் தெரியாது; அவற்றைக் காண கருவைப் பதப்படுத்தி, எச்.என்.கே.-1 என்ற ஆன்டிபாடியால் சாயமேற்ற வேண்டும். உங்கள் கல்லூரியில் அந்த வசதி இல்லாவிட்டால், கருவியல் ஆய்வு நடக்கும் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் கோடைக்காலப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி உங்கள் துறைத் தலைவரிடம் கடிதம் கேளுங்கள்.